பள்ளத்திலிருந்து ஒரு தட்டல்

வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு அந்தத் தெருவில் காலையில் கேட்கிற சத்தம் ஒன்றே ஒன்றுதான்: மேலே சரிவில் பெரியவனுடைய ரம்பம். மற்றவர்களின் ரம்பங்கள் எண்ணெய்த் துணி சுற்றி அவரவர் கட்டிலுக்கடியில் கிடந்தன. மில் வாசலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த மரவெட்டிகள், அந்தச் சத்தம் வரும்போது மலையைப் பார்க்கவில்லை. சின்னவனைத்தான் பார்த்தார்கள். சின்னவன் சங்கத்தின் செயலாளர். கூடப்பிறந்த அண்ணனையே நிறுத்த முடியாதவன் மில்லை எப்படி நிறுத்துவான் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்த்த பார்வையிலேயே கேட்டுவிட்டார்கள்.

இருவருக்கும் நடுவில் பிறந்தவளை எல்லோரும் அரம் என்றுதான் கூப்பிட்டார்கள். ரம்பச் செயினுக்குப் பல் தீட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. நாக்கும் கொஞ்சம் அந்த ரகம்தான். வேலைநிறுத்தம் என்று அறிவித்த அன்றே அவளும் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருந்தாலும் அவள் காது பூட்டிக்கொள்ளவில்லை. துணி துவைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அது மலைமேலேயே இருந்தது. ரம்பம் ஓடினால் அண்ணன் உயிரோடு இருக்கிறான். நின்றால், அடுத்து மரம் சாய்கிற சத்தம் வரும்வரை அவள் கை வேலை செய்யாது.

பிடிவாதம் அந்த வீட்டுச் சொத்து. வேறு சொத்து இல்லாததால் அதையே மூன்று பேரும் குறைவில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். அப்பா செத்த வருஷம் அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு நடுவே பலகை அடித்தார்கள். பலகை அடிக்கும்போதுகூட ஒருவரோடொருவர் பேசவில்லை. இவன் இந்தப் பக்கத்திலிருந்து ஆணி அடித்தான், அவன் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தான். அரத்துக்கு வாய்த்தது சமையலறை. அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் கதவு. அவள்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டாள், இரண்டு பேரின் வசவையும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் கதவைத் தட்டக் கூடாது. வாசலில் நின்று இருமலாம், கூப்பிடலாம், பூனையைத் திட்டுவது போல யாரையாவது திட்டலாம். தட்டக் கூடாது. ஒருமுறை புதிதாக வந்த தபால்காரர் தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். பெரியவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டோடு எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். சரிவில் மரம் வெட்டுகிறவனுக்குக் கீழே இருக்கிற பள்ளம் தெரியாது, மேடு மறைத்துவிடும். அதனால் மரத்துக்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவன் அறுப்பான். இன்னொருவன் பக்கத்திலிருக்கிற பாறைமேல் நின்று மரம் விழப்போகிற வழியைப் பார்ப்பான். அவனுக்குத் தட்டுக்காரன் என்று பெயர். அறுக்கிறவன் முக்கால்வாசி அறுத்ததும் ரம்பத்தை அடக்கிவிட்டுக் குரல் கொடுப்பான். வழியில் ஆளில்லை என்றால் தட்டுக்காரன் கோடாலியின் பின்புறத்தால் பக்கத்து மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். காற்றில் குரல் சிதறும், மரத்தில் தட்டினால் தரை வழியாகவே வந்துவிடும். அந்த இரண்டு தட்டல் வராமல் யாரும் மீதியை அறுக்க மாட்டார்கள்.

அன்று அறுத்தது பெரியவன். தட்டுக்காரனாக நின்றது சின்னவன், அப்போதுதான் மீசை அரும்பிய வயசு. மரம் விழுந்தது. அதற்கடியில் அப்பா இருந்தார்.

"தட்டல் கேட்டுச்சு, அறுத்தேன்" என்றான் பெரியவன்.

"நான் தட்டல" என்றான் சின்னவன்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள். ஒருவன் பொய் சொல்கிறான் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிப் பேசி ஓய்ந்தது. அரத்துக்கு மட்டும் ஓயவில்லை. இருவரில் யாருக்கும் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

இப்போது மில் நிர்வாகம் புதிதாக ஒரு கல்லைத் தூக்கித் தலையில் போட்டிருந்தது. இனி மரத்துக்கு ஒரு ஆள் போதும், தட்டுக்காரன் வேலை ரத்து. அதற்காகத்தான் வேலைநிறுத்தம். தட்டுக்காரன் இல்லாமல் ஒரு மரமும் சாயக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியவன் சின்னவன். அவன் வாயிலிருந்து அந்தக் கோரிக்கை வந்தபோது கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாளே பெரியவன் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மலையேறினான். தட்டுறவனை நம்பி ஒரு தடவை அறுத்தது போதும் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஒரு நாள் பிற்பகல் ரம்பத்தின் சத்தம் மாறியது. இழுத்து இழுத்து, ஒரு பக்கமாக அழுதது. அரம் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெரியவன் வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து, செயினை முழங்காலில் போட்டு ராவிக்கொண்டிருந்தான். அவள் போய் நின்றாள்.

"என்னண்ணே, பல்லு தீட்டுறியா, இல்ல விளக்கி விடுறியா?"

"நீதான் கடைய மூடிட்டியே."

"இடது பக்கப் பல்லெல்லாம் மொட்டையா கெடக்கு. அறுப்பு வளைஞ்சு போகும். நீ நினைச்ச பக்கம் மரம் சாயாது."

"இதுவரைக்கும் சாஞ்சுதே."

அவள் கேட்க வந்தது செயினைப் பற்றி இல்லை.

"உனக்கு அங்க யாரு தட்டுறா?"

ராவிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. அவன் அவளைப் பார்க்காமல் பலகைச் சுவரைப் பார்த்தான்.

"தட்டுறாரு" என்றான்.

"யாரு?"

"தட்டுறாருன்னு சொன்னேன்ல. போய் வேலையப் பாரு."

அவள் அவன் மடியிலிருந்த செயினை எடுத்துக்கொண்டு போனாள். பட்டறையைத் திறந்தாள். கதவைத் திறந்துவைத்தே தீட்டினாள், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று. இருட்டுவதற்குள் தெருவே பார்த்துவிட்டது.

சின்னவன் சமையலறைக்குள் வந்தபோது அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீயும் கருங்காலி ஆயிட்டியாக்கா?"

"ஆயிட்டேன். நாளைக்கு அவன்கூட மேல போறேன். தட்டுக்காரியா."

"ஸ்ட்ரைக்க உடைக்கப் போறியா?"

"மரத்துக்கு ரெண்டு பேர் வேணும்னுதானே கத்துற? ரெண்டாவது ஆளு நான். உன் கோரிக்கைய நான் நிறைவேத்திட்டேன், போ."

அவன் சிரிக்கவில்லை. "அவன் மரம் சாய்க்க மாட்டான். நான் விடமாட்டேன். வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், விழுற வழியில போய் நிக்கப் போறேன்னு. நீ மேல நின்னா உனக்கு நான் தெரிவேன். தட்டாம இரு. அது போதும்."

"பைத்தியமாடா உனக்கு? போய்ப் படு."

அவள் அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்றே நினைத்தாள். அந்த வீட்டில் கோபத்தில் சொன்னதைத்தான் முதலில் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை இருவரும் ஏறினார்கள். வழியெல்லாம் வெட்டுண்ட அடிமரங்கள், சில இன்னும் பிசின் கசிந்துகொண்டிருந்தன. பெரியவன் ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்தான். அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்ததும் அவள் கால் பின்வாங்கியது. அதே பாறை. கீழே அதே பள்ளம். அப்பா செத்த பிறகு இந்தப் பகுதியில் யாரும் ரம்பம் வைத்ததில்லை.

"வேற மரமே இல்லையா?"

"வேற எல்லாம் வெட்டியாச்சு."

அவள் கோடாலியோடு பாறைமேல் ஏறி நின்றாள். பள்ளத்தில் புதர் ஆள் மறைகிற உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் எதுவும் அசையவில்லை. குருவிகூட இல்லை. அந்தப் பக்கமே வெயில் வராத இடம், மண்ணிலிருந்து ஈரம் மூக்கில் ஏறியது.

பெரியவன் மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் போலப் பிளந்து எடுத்தான். பிறகு பின்னால் போய் அறுக்கத் தொடங்கினான். அவள் தீட்டிய செயின், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தூள் பறந்தது. முக்கால்வாசி போனதும் ரம்பத்தை அடக்கினான். நிமிர்ந்து பள்ளத்தின் பக்கமாகக் குரல் கொடுத்தான். நீளமான, பழைய குரல். அப்பா சொல்லிக் கொடுத்தது.

அவள் வழியைப் பார்த்தாள். ஆளில்லை. கோடாலியை ஓங்கினாள்.

அதற்குள் தட்டல் வந்தது. இரண்டு. பள்ளத்திலிருந்து.

அவள் ஓங்கிய கை அப்படியே நின்றது. சத்தம் அவள் காதுக்கு வருவதற்கு முன்பே பாறை வழியாகக் காலுக்கு வந்துவிட்டது. பச்சை மரத்தில் இரும்பு படுகிற சத்தம், சந்தேகமே இல்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தான். பேருந்துக்குக் காத்திருப்பவன் போல, பழகிப்போன பொறுமையோடு. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தான். இனி நீ தட்டு என்பது போல.

அவள் தட்டவில்லை. கோடாலியை இழுத்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கி அவனிடம் போனாள்.

"அண்ணே. அது என்ன?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவன் ரம்பத்தைத் தரையில் வைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அவள் கையைப் பிடித்ததில்லை.

"அன்னைக்குலேருந்து ஒவ்வொரு மரத்துக்கும் வருது" என்றான். "எந்த மலைக்குப் போனாலும் வருது. நான் குரல் குடுத்தா முதல்ல அது தட்டும். அதுக்கப்புறம்தான் தட்டுக்காரன் தட்டுவான். நான் ரெண்டாவதுக்கு அறுப்பேன். என்னை மந்தம்னு சொல்லிச் சிரிப்பாங்கல்ல, குரல் குடுத்துட்டுத் தூங்குறான்னு? ரெண்டாவதுக்குத்தான் நின்னேன்."

"இப்ப தனியா அறுத்தப்போ?"

"ரெண்டாவது ஏது? முதல் தட்டலுக்கே அறுத்தேன்."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏண்ணே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இது ஆளில்லாம வர்ற தட்டல்னா, அன்னைக்குக் கேட்டதும் ஆளில்லாம வந்ததா இருக்கும்ல? அப்போ அப்பாவக் கொன்னது யாரு? நான்தானே. சின்னவன் தட்டினான், பொய் சொல்றான்னு நினைச்சுக்கிட்டாத்தான் என்னால கஞ்சி குடிக்க முடிஞ்சுது."

கீழே புதர் அசைந்தது. இருவரும் திரும்பினார்கள். புதரை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் மேட்டில் ஏறி வந்தான். மரம் விழுந்திருந்தால் எங்கே விழுந்திருக்குமோ அந்த வழியாகவே வந்தான். சின்னவன். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் யாரையும் தடுத்து நிறுத்த வந்தவன் மாதிரி இல்லை.

புதருக்குள் அவன் இருந்திருக்கிறான். அரத்தின் கண்ணில் படவில்லை. இன்னொரு நொடி போயிருந்தால் வழியில் ஆளில்லை என்று அவளே தட்டியிருப்பாள்.

"யாரு தட்டினது?" என்றான் சின்னவன். கேட்டது அக்காவிடம் இல்லை. அண்ணனிடம். அப்பாவின் சாவுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. "என் பக்கத்துல தட்டுச்சு. கை நீட்டினா தொட்டுரலாம், அவ்வளவு பக்கத்துல. அங்க யாருமே இல்ல."

சின்னவனுக்கும் அது கேட்டிருக்கிறது என்று தெரிந்ததில் ஆறுதலும் பயமும் பெரியவன் முகத்தில் ஒன்றாக வந்து நின்றன.

சின்னவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அப்பாதான் தட்டினாரு" என்றான்.



"எனக்குத் தாகம். கோடாலியப் பாறையில சாத்தி வச்சிட்டு ஓடைக்குப் போயிட்டேன். அப்பா வந்து பாத்திருக்காரு, ஆளக் காணோம். கோடாலிய எடுத்துக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டே பள்ளத்துல குறுக்க வந்தாரு. நான் அந்தக் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அப்பதான் நீ குரல் குடுத்த. அவரு நின்னாரு. வேலை நிக்கக் கூடாது அவருக்கு. நின்ன இடத்துலேயே பக்கத்து மரத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு நடந்தாரு. தாண்டிரலாம்னு நினைச்சாரு."

"மரம் அவரு மேல விழுந்ததையும் பாத்தியா?" என்றாள் அரம்.

"பாத்தேன். கோடாலி அவரு கையிலேயே இருந்துச்சுக்கா. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன். நீங்கல்லாம் வர்றதுக்குள்ள. அங்க கெடந்தா நான் இடத்த விட்டுப் போனது தெரிஞ்சிரும்னு." அவன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். "தட்டினியான்னு கேட்டாங்க. தட்டலன்னு சொன்னேன். அது உண்மைதான். அதுக்கு மேல யாரும் கேக்கல. நானும் சொல்லல."

பெரியவன் அடிப்பான் என்று அரம் நினைத்தாள். அடித்திருந்தாலும் அவள் தடுத்திருக்க மாட்டாள். ஆனால் அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்போ எனக்கு நெஜமாத்தான் கேட்டிருக்கு" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். குரல் உடைந்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது.

மேலே கிளைகள் அசைந்தன. அறுபட்ட மரத்தின் உள்ளே எங்கோ நார் கிறீச்சிட்டது. மூவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். சண்டை எவ்வளவு இருந்தாலும் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பாதி அறுத்த மரத்தை நிற்க விட்டுவிட்டு யாரும் இறங்க மாட்டார்கள். அது காற்றில் எப்போது, எந்தப் பக்கம், யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வேலைநிறுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சின்னவன் எழுந்து அக்காவிடம் கையை நீட்டினான். "கோடாலியக் குடு."

"செயலாளர் வேலை செய்யலாமா?"

"இந்த மரம் சாயட்டும். அப்புறம் சங்கம் என்னைத் தூக்கட்டும்." அண்ணன் பக்கம் திரும்பினான். "சாஞ்சதும் நீ எங்ககூட இறங்கி வரணும்."

"வர்றேன். சங்கத்துக்காக இல்ல" என்றான் பெரியவன். அந்த நேரத்திலும் அவனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்னவன் பாறைமேல் ஏறி நின்றான், அன்று நிற்காத இடத்தில். பெரியவன் ரம்பத்தைக் கிளப்பி வெட்டில் வைத்தான். வைத்தவன், அறுக்காமல் மறுபடி அடக்கினான். மேட்டின் விளிம்புவரை நடந்து போனான். குரல் கொடுக்கப் போகிறான் என்று அரம் நினைத்தாள். ஆனால் அவன் அந்தப் பழைய குரலைக் கொடுக்கவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"அப்பா, நீங்க தட்ட வேணாம். வழிய விட்டுத் தள்ளி நில்லுங்க."

பள்ளத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அவன் திரும்பி வந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டான். தங்கையைப் பார்த்தான்.

"போயிருப்பாரா?"

"இன்னும் கொஞ்சம் பொறுண்ணே" என்றாள் அரம். "அவருக்கு முட்டி வலி. மெதுவாத்தான் நடப்பாரு."

அவன் தலையாட்டினான். பாறைமேல் சின்னவனும் கோடாலியைத் தாழ்த்திக்கொண்டான். வயதான ஒருவர் கல்லிலும் புதரிலும் கால் பார்த்து வைத்துக் கடந்து போகிற நேரம் மூன்று பேரும் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அதன் பிறகு சின்னவன் தட்டினான்.